பழைய பஸ்ஸின் எஞ்சின் கதவுக்கு காஸ் ஸ்ட்ரட்: கணக்கு முதல், துளை பிறகு

சென்ற வருடம் தை மாதம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வெளியே -18 பாகை. எண்ணெய் அளவு பார்க்கலாம் என்று பஸ்ஸின் பின்கதவைத் தூக்கிவிட்டுக் குனிந்தேன். கோடையில் நானே பூட்டிய இரண்டு காஸ் ஸ்ட்ரட்டும் (கார் டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிக்குமே, அந்த வாயுக் குழாய்) கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. அரை நிமிடம் போயிருக்கும். பிடரியில் ஏதோ மெல்ல வந்து குந்தியது. கதவு விழவில்லை, ஆறுதலாக இறங்கியது. ஒரு அடி இறங்கி, என் கழுத்தில் ஓய்வெடுத்தது.

ஆடி மாதம் பெருவிரலால் தூக்கிக் காட்டிய அதே கதவு. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டதும் அதே கதவைத்தான். ஸ்ட்ரட்டில் பிழை இல்லை, கணக்கில்தான் பிழை. இந்த வழிகாட்டியில் கணக்கு நிறைய வருவதற்கு அதுதான் காரணம். துளை போடுவது அரை நாள் வேலை. எங்கே போடுவது என்று கண்டுபிடிக்க இரண்டு வார இறுதி பிடிக்கும்.

என்னுடையது ஜி.எம். (ஜெனரல் மோட்டர்ஸ்) நியூ லுக் பஸ். முன்கண்ணாடி வளைந்து மீன்தொட்டி போல இருப்பதால் 'ஃபிஷ்போல்' என்று பட்டப்பெயர். 1959இல் அமெரிக்காவில் வந்த மாதிரி. கனடாவில் 1986 வரை செய்தார்கள். ஒன்ராறியோவில் இருக்கும் லண்டன் நகரத் தொழிற்சாலையில் இருந்து வந்தவை ஏராளம். ரொறன்ரோவின் நகரப் போக்குவரத்து நிறுவனமான ரி.ரி.சி. இவற்றை 2011 வரை ஓட்டியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்து இறங்கிய எங்கள் ஆட்களில் பாதிப் பேர் முதல் வேலைக்குப் போனது இந்த பஸ்ஸில்தான். எஞ்சின் பின்னால், குறுக்கே கிடக்கும். டெட்ராய்ட் டீசல் 6வி-71, டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். 71 என்பது ஒரு சிலிண்டரின் கன அங்குலம்; ஆறுக்கும் சேர்த்து 426. அதை மூடியிருக்கும் பெரிய கதவு மேல்பக்கத்தில் பிணைச்சல் போட்டு (தமிழ்நாட்டில் கீல் என்பார்கள்) வெளிப்பக்கமாக மேலே தூக்கும் மாதிரி. தூக்கிப் பிடிக்க ஒரு முட்டுக்கம்பி. காஸ் ஸ்ட்ரட் பெருமளவில் தயாராகத் தொடங்கியதே 1960களில்தான், ஆகவே 1959இல் வந்த பஸ்ஸில் அது இல்லாதது வியப்பில்லை.

மேலே பிணைச்சல் உள்ள எந்தப் பின்கதவுக்கும் இதே முறை பொருந்தும். எண்கள் மட்டும் உங்கள் கதவுக்கு வேறாக வரும். என் எண்களை அப்படியே எடுத்துப் போய்க் கடையில் கொடுக்க வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது

சுருள்வில் எதுவும் இல்லை. மூடிய குழாய்க்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், சிறு துளையுள்ள ஒரு பிஸ்டன், அதிலிருந்து வெளியே வரும் கம்பி. பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். ஆனால் ஒரு பக்கத்தில் கம்பியின் தடிப்பு அளவு இடம் குறைவு. அந்த வித்தியாசம்தான் கம்பியை வெளியே தள்ளுகிறது. அதாவது, தள்ளும் விசை = அழுத்தம் × கம்பியின் குறுக்குப் பரப்பு. 10 மி.மீ. கம்பியில் 400 நியூட்டன் கிடைக்க உள்ளே ஏறக்குறைய 50 பார் இருக்க வேண்டும். கார் ரயரில் இருப்பது 2 பார் சொச்சம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பழைய ஸ்ட்ரட்டை வாளால் அறுக்கும் யோசனை வராது.

இரண்டு குணங்கள் முக்கியம். ஒன்று, உள்ளே தள்ளத் தள்ள விசை கூடும். முழுதும் விரிந்த நிலையில் 400 என்றால், மூடிய நிலையில் 500ஐத் தாண்டலாம். குழாயில் அச்சிட்டிருப்பது விரிந்த நிலை விசை. இரண்டாவது குளிர். வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும்: ஒவ்வொரு 10 பாகைக்கும் விசையில் சுமார் 3.4 சதவீதம் போகும். அச்சிட்ட எண் 20 பாகைக்கு உரியது. -20இல் அதில் ஏழில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். என் பிடரியில் குந்தியது அந்த ஏழில் ஒரு பங்குதான்.

கதவை நிறுப்பது

கதவைக் கழற்றி நிறுக்கத் தேவையில்லை. ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் நிறுக்கும் கொளுக்கித் தராசு எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. அது போதும்.

நிறுக்கும் முன் இரண்டு வேலை. கதவின் உட்பக்கம் சத்தம் அடக்க ஒட்டிய பழைய பஞ்சு இருந்தால் அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு கட்டுங்கள். நாற்பது வருட எண்ணெயைக் குடித்த பஞ்சு கிலோக்கணக்கில் இருக்கும், நெருப்புக்கும் நல்லதல்ல. நான் உரித்தெடுத்துவிட்டுப் புதியது ஒட்டிய பிறகுதான் நிறுத்தேன். அடுத்தது பிணைச்சல். கதவின் கீழ் ஓரத்தைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஊசியை மாற்றாமல் மேலே போக வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

இப்போது இன்னொருவரின் உதவியோடு கதவைத் தூக்கித் தரைக்குச் சமாந்தரமாக நிறுத்துங்கள். கீழ் ஓரத்தின் நடுவில் தராசைக் கொளுவி நேர் மேலே இழுத்து, கதவு முழுவதும் பிணைச்சலிலும் தராசிலும் மட்டும் நிற்கும்படி செய்து எண்ணைப் படியுங்கள். என்னுடையது 13 கிலோ. பிணைச்சல் மையத்தில் இருந்து தராசு கொளுவிய இடம் வரை 90 செ.மீ. இரண்டையும் பெருக்கி, கிலோவை நியூட்டனாக்க 9.8ஆல் பெருக்கினால்:

13 × 0.9 × 9.8 = ஏறக்குறைய 115 நியூட்டன் மீற்றர்.

கதவு பிணைச்சலைச் சுற்றிக் கீழே திரும்பப் பார்க்கும் பலம் இது. கதவின் முழு எடை, அதன் மையம் எங்கே இருக்கிறது என்ற எதையும் தனியாகத் தேட வேண்டியதில்லை. தராசு எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. கதவு சமாந்தரமாக இருக்கும்போதுதான் இந்தப் பலம் உச்சம். நேராகத் தொங்கும்போது கிட்டத்தட்டப் பூச்சியம்.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதல் தடவை கவனிக்கவில்லை.

மூடியிருக்கும்போது ஸ்ட்ரட் என்ன செய்கிறது

கார் டிக்கியின் மூடி மூடியிருக்கும்போதும் தன் எடையால் கீழே அழுத்திக்கொண்டிருக்கும், ஸ்ட்ரட் தள்ளினாலும் சமாளிக்கும். பஸ்ஸின் பின்கதவு செங்குத்தாகத் தொங்குகிறது. மூடிய நிலையில் அதற்கு எதிர்ப்பலம் எதுவும் இல்லை. ஸ்ட்ரட் வெளிப்பக்கம் தள்ளினால் அவ்வளவையும் தாங்குவது பூட்டு ஒன்றுதான்.

முதல் முயற்சியில் பஸ் பக்கத்துப் பிராக்கெட்டை, துளைக்க வசதியாக இருந்தது என்று, எஞ்சின் அறையின் பக்கச் சுவரில் 10 செ.மீ. உள்ளே தள்ளிப் போட்டேன். கதவு மூடியது, பூட்டும் விழுந்தது, நானும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் பார்த்தால் கதவின் கீழ்மூலைகள் இரண்டும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெளியே வளைந்து நிற்கின்றன. ஸ்ட்ரட் பூட்டை இரவு பகலாக நாலு கிலோ பலத்தில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் துளைகள் இன்னும் இருக்கின்றன, அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்து மூடியிருக்கிறேன்.

விதி எளிது. கதவு மூடியிருக்கும்போது ஸ்ட்ரட்டின் இரண்டு முனைகளையும் இணைத்து ஒரு நேர்கோடு கற்பனை செய்யுங்கள். அதை மேலே பிணைச்சல் வரை நீட்டுங்கள். கோடு பிணைச்சல் மையத்துக்கு வெளிப்பக்கமாகப் போனால் ஸ்ட்ரட் கதவைத் திறக்கத் தள்ளும். சரியாக மையத்தின் ஊடே போனால் சும்மா இருக்கும். சற்று உட்பக்கமாகப் போனால் கதவை மூடியே பிடிக்கும். நமக்கு வேண்டியது மூன்றாவது. அதுவும் கொஞ்சமாக.

அட்டைப்பெட்டியில் வரைந்து பார்ப்பது

ஃபிரிட்ஜ் வந்த பெட்டி ஒன்று தேடுங்கள். அதில் கதவின் பக்கத்தோற்றத்தை உண்மை அளவில் வரையுங்கள். பிணைச்சல் மையத்தில் ஒரு ஆணி. இன்னொரு அட்டைத் துண்டைக் கதவின் அளவுக்கு வெட்டி அந்த ஆணியில் சுழல விடுங்கள். இப்போது ஸ்ட்ரட்டின் மேல்முனை கதவில் எங்கே, கீழ்முனை பஸ்ஸில் எங்கே என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கணினியில் வரையத் தெரிந்தவர்கள் வரையலாம். எனக்கு அட்டையில்தான் கண் திறந்தது.

ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று அளவு எடுங்கள்: மூடிய நிலையில் இரண்டு முனைக்கும் இடைத்தூரம், திறந்த நிலையில் இடைத்தூரம், திறந்த நிலையில் பிணைச்சல் ஆணியில் இருந்து ஸ்ட்ரட் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம். கடைசித் தூரம்தான் நெம்பு. மூலைமட்டம் வைத்து அளக்கலாம்.

பல தடவை மாற்றிய பிறகு எனக்குச் சரிவந்த இடம்: கதவில் பிணைச்சலுக்கு 20 செ.மீ. கீழே, பஸ்ஸின் கதவு நிலைச்சட்டத்தில் பிணைச்சலுக்கு 60 செ.மீ. கீழே, இரண்டும் பிணைச்சல் மையத்தை விட 2 செ.மீ. உட்பக்கம். மூடினால் இடைத்தூரம் 40 செ.மீ., சமாந்தரமாகத் திறந்தால் 62. நெம்பு 19.4 செ.மீ.

அந்த 2 செ.மீ. செய்யும் வேலையைப் பாருங்கள். மூடிய கதவை இரண்டு ஸ்ட்ரட்டும் சேர்ந்து கீழ் ஓரத்தில் இரண்டு கிலோ சொச்சம் அளவுக்கு உள்ளே பிடித்துக்கொள்கின்றன. பூட்டு நிம்மதியாக இருக்கிறது, ஓடும்போது கடகடப்பும் இல்லை. பூட்டைத் திறந்து கதவை வெளியே இழுத்தால் முதல் 6 செ.மீ. கொஞ்சம் அடம்பிடிக்கும். அதைத் தாண்டியதும் கோடு பிணைச்சலின் மறுபக்கம் போய்விடும். பிறகு கதவு தானாகவே மேலே எழும்பும். அந்த நேரத்தில் முகத்தைக் கதவுக்கு நேரே வைத்திருக்க வேண்டாம்.

இந்த ஒழுங்கில் இன்னொரு நன்மை, கதவு எந்த நிலையில் இருந்தாலும் கீழ்முனை கீழேதான். கம்பி கீழே பார்க்கும்படி, குழாய் மேலே இருக்கும்படி பூட்டலாம். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய், வாயு கசியாமல் அடைக்கும் முத்திரை வளையத்தின் (சீல்) மேல் தேங்கி அதை ஈரமாக வைத்திருக்கும். விரியும் கடைசி நேரத்தில் வேகத்தையும் தணிக்கும். தலைகீழாகப் பூட்டினாலும் வேலை செய்யும், ஆனால் முத்திரை காய்ந்து வாயு கசியத் தொடங்கும்.

எத்தனை நியூட்டன்

115ஐ நெம்பால் வகுத்தால் தேவையான மொத்த விசை: 115 ÷ 0.194 = 593 நியூட்டன். இரண்டு ஸ்ட்ரட்டுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 297.

நான் இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டு 300 நியூட்டன் ஜோடி வாங்கினேன். 20 பாகையில் அது கதவை மயிரிழையில் பிடிக்கும். -18இல் ஒவ்வொன்றும் 261 ஆகிவிடும். சமாந்தர நிலையில் தேவைப்படும் 115க்குப் பதிலாக 101தான் கிடைக்கும். கதவு இறங்கத்தான் செய்யும். சாய்ந்து வரும்போது அதன் பாரம் குறைவதால் எங்கோ நடுவில் நின்றுவிடும். எனக்கு அது பிடரி உயரம்.

சரியான கணக்கு இப்படி: 297உடன் 15 சதவீதம் கூட்டுங்கள். ஸ்ட்ரட் வருடா வருடம் கொஞ்சம் வாயுவை இழக்கும், கதவில் பனி படியும், அதற்காக. 341 வரும். பிறகு நீங்கள் கதவைத் திறக்கக்கூடிய மிகக் குளிரான நாளுக்கு ஈடு செய்யுங்கள். ரொறன்ரோவுக்கு -20 என்று வைத்தால் 0.86ஆல் வகுக்க வேண்டும். 397. ஆகவே 400 நியூட்டன், அமெரிக்கக் கடைகள் இறாத்தலில் (பவுண்ட்) விற்கும், 90 இறாத்தல். சென்னையிலோ கொழும்பிலோ இருந்து யாராவது இதைச் செய்தால் குளிர் ஈட்டை மறந்துவிடலாம், அங்கே 350 போதும்.

கூடுதல் பலம் வாங்கினால் பாதுகாப்புத்தானே என்று 600 வாங்காதீர்கள். மூடும்போது தொங்க வேண்டிவரும், பிணைச்சலும் பழுதாகும். 400இலேயே கோடையில் மூட, திறந்த நிலையில் கீழ் ஓரத்தில் நாலரைக் கிலோ இழுக்க வேண்டும். நடுவழியில் 8, 9 கிலோ. சீற்பெல்ட் நாடாவில் ஒரு முழத்துண்டு கதவின் உள்ளோரத்தில் போல்ட் அடித்துவிட்டால் அதைப் பிடித்து இழுக்கலாம்.

விசையில் சந்தேகம் இருந்தால் வாயுவை வெளியே விடும் சிறு வால்வு உள்ள ஸ்ட்ரட் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட. சற்றுப் பலமானதைப் பூட்டி, ஆலன் சாவியால் ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து மூடி, துளித்துளியாகக் குறைக்கலாம். விட்ட வாயுவைத் திரும்பப் போட வழியில்லை, ஆகவே கை அடக்கம் வேண்டும். கோடை வெயிலில் இதைச் செய்து மகிழ்ந்துவிட்டுத் தை மாதம் என்னைப் போல் நிற்க வேண்டாம்.

நீளத்துக்கு வருவோம். ஸ்ட்ரட் முனைகள் உட்காரும் இரண்டு பந்துகளின் மையத்துக்கு மையம் அளந்து விரிந்த நீளம் 62 செ.மீ. கம்பி உள்ளே போகும் தூரம் குறைந்தது 24. எனக்குத் தேவை 22தான், மீதி 2 செ.மீ. மூடிய நிலையில் உள்ளே மிச்சம் இருக்க வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால் கதவு பூட்டில் போய் மூடுவதற்கு முன் ஸ்ட்ரட்டில் போய் முட்டும், ஏதோ ஒன்று வளையும். முனைக்கு உலோகக் குழியும் அதைப் பூட்டும் கம்பிக் கிளிப்பும் உள்ளதையே எடுங்கள். பிளாஸ்டிக் குழி கார் மூடிக்குச் சரி. டெட்ராய்ட் எஞ்சின் நடுங்கும் நடுக்கத்துக்கும் அந்தச் சூட்டுக்கும் அது தாக்குப்பிடிக்காது.

எப்போதும் ஜோடியாக. ஒரு பக்கம் மட்டும் பலமான ஒன்றைப் போட்டால் கதவு முறுகும், பழைய கதவு இன்னும் வேகமாக முறுகும்.

பிராக்கெட்டும் துளையும்

முன்பு கதவின் பாரம் பிணைச்சலைக் கீழே இழுத்தது. இனி நிலைமை தலைகீழ். திறந்த நிலையில் இரண்டு ஸ்ட்ரட்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 75 கிலோ மேல் நோக்கித் தள்ளுகின்றன, கதவு 26 கிலோதான். மீதி 50 கிலோ பிணைச்சலை மேலே தூக்கப் பார்க்கும். தேய்ந்த ஊசியை முதலிலேயே மாற்றச் சொன்னது இதற்குத்தான். பிணைச்சலைப் பிடித்திருக்கும் போல்ட், ரிவெட் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். தளர்ந்தது மந்தமாகச் சத்தம் போடும்.

வேலை தொடங்கும் முன் எஞ்சின் அறைக்குள் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். இந்த பஸ்களில் பின்னால் நின்றே எஞ்சினைத் தொடக்கவும் நிறுத்தவும் சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டால் முன்னால் யாராவது விளையாட்டாகத் தொட்டாலும் எஞ்சின் எடுக்காது. முட்டுக்கம்பியோடு இன்னொரு பலகையும் முட்டுக் கொடுங்கள்.

நியூ லுக்கின் உடல் விமானம் போல, அலுமினியத் தகடும் ரிவெட்டுமாகப் பாரம் தாங்கும் கட்டு. தகட்டில் மட்டும் பிராக்கெட்டைப் பூட்டினால் ஆறு மாதத்தில் துளை நீள்வட்டமாகிவிடும். கதவில் உட்சட்டம் ஓடும் இடத்தில், பஸ்ஸில் கதவு நிலைச்சட்டத்தின் தூணில் மட்டும். பின்பக்கம் கை போகும் இடமாக இருந்தால் 3 மி.மீ. தகட்டில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னால் வைத்து, முன்னும் பின்னும் சேர்த்து போல்ட் போடுங்கள். கை போகாத இடம் என்றால் இடத்தை மாற்றுவது நல்லது. அட்டைக்குத் திரும்பிப் போய் 3 செ.மீ. நகர்த்திப் பார்க்கலாம்.

பிராக்கெட்டுக்கு நான் எடுத்தது 5 மி.மீ. இரும்புப் பட்டை, எல் வடிவில் வளைத்தது. அதில் பந்து முனையை எம்8 நட்டும், இளகாமல் இருக்க நீல நிறத் திரவப் பசையும் போட்டு முறுக்கினேன். முதலில் துளைக்காமல் பிராக்கெட்டை ஜி-கிளாம்ப் வைத்து இறுக்கி, ஸ்ட்ரட்டுக்குப் பதில் இரண்டு மரச்சலாகைகளை ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும்படி ரப்பர் வளையத்தால் கட்டிப் பிடித்து, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். எதில் இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். என்னுடையது பெல்ட் மறைப்பில் ஒரு அரை விரல் அளவுக்கு உரசியது. புகைக்குழாய்க்கும் சைலன்சருக்கும் எவ்வளவு தூரம் விலக்க முடியுமோ அவ்வளவு விலக்குங்கள். பொதுவான ஸ்ட்ரட்டின் முத்திரை 80 பாகைக்கு மேல் நெடுநேரம் தாங்காது.

தூணின் மறுபக்கம் என்ன ஓடுகிறது என்று வடிவாகப் பாருங்கள். பின்விளக்கு வயர்கள், காற்றுக் குழாய்கள். பிரேக் காற்றுக் குழாயைத் துளைத்த பஸ்ஸை ஓட்டிப் பார்க்க யாருக்கும் ஆசை இருக்காது. ட்ரில் நுனிக்கு வேண்டிய ஆழத்தில் டேப் சுற்றி அடையாளம் வைத்து, 3 மி.மீ.இல் தொடங்கி 8.5 வரை படிப்படியாக. ஓரங்களை அரத்தால் ராவி, துத்தநாகப் பூச்சு அடியுங்கள்.

அலுமினியத்தோடு இரும்பு நேரடியாகத் தொட்டுக்கொண்டு உப்புத்தண்ணீரில் நனைந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். இங்கே வீதியில் கொட்டும் உப்புக்கு இரண்டு குளிர்காலம் போதும். பிராக்கெட்டுக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய ரப்பரோ நைலான் தகடோ வையுங்கள், போல்ட்டுக்கு நைலான் வாஷர்.

பூட்டுவதும் பார்ப்பதும்

கதவை முழுதும் திறந்து, முட்டுக் கொடுத்து, விரிந்த ஸ்ட்ரட்டை விரிந்த இடைவெளியில் வைத்து அமுக்கினால் 'டக்' என்று பந்தில் உட்காரும். பலம் எதுவும் வேண்டாம். அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் அளவு பிழை, நிறுத்துங்கள். கம்பியைக் குறடால் பிடிக்கவே கூடாது. அதில் ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு தடவையும் முத்திரையை அறுத்துக்கொண்டே போகும். பெயின்ட் துளி பட்டாலும் அதே கதைதான்.

கம்பியில், குழாய் வாயோடு ஒட்டி, ஒரு சின்ன ரப்பர் வளையம் போட்டு, முட்டுக்களை எடுத்துவிட்டு, கதவை இரண்டு பேர் சேர்ந்து ஆறுதலாக மூடுங்கள். திரும்பத் திறந்தால் குழாய் அந்த வளையத்தை எதுவரை தள்ளியது என்று தெரியும். வளையத்துக்கும் கம்பியின் கீழ்முனைக்கும் நடுவில் எஞ்சியிருப்பதுதான் நீங்கள் விட்டுவைத்த மிச்சம். ஒரு செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பிராக்கெட்டை நகர்த்த வேண்டும். இடிபடக்கூடும் என்று நினைக்கும் இடங்களில் குழந்தைகளின் விளையாட்டுக் களிமண் உருண்டை வைத்து மூடிப் பாருங்கள், நசுங்கிய தடிப்பே இடைவெளி.

பிறகு எஞ்சினை எடுத்து அரை மணி நேரம் ஓட விட்டு, நிறுத்தி, கதவைத் திறந்து ஸ்ட்ரட் குழாயைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நடுவே ஒரு தகட்டு மறைப்பு வேண்டும்.

முட்டுக்கம்பியைக் கழற்றிப் போடாதீர்கள். நான் சிவப்பு பெயின்ட் அடித்து அதே கிளிப்பில் விட்டிருக்கிறேன். ஒரு நிமிடத்துக்கு மேல் உள்ளே தலை விடுவதென்றால் அதையும் முட்டுக் கொடுப்பேன். கம்பியை மறந்துபோகும் ஆள் என்றால், விரிந்த கம்பியின் நீளத்துக்கு ஒரு இரும்புத் தவாளிப்பு (U வடிவச் சட்டம்) வெட்டி அதன்மேல் கவிழ்த்து விடலாம், வாயு முழுதும் போனாலும் கதவு இறங்காது.

குளிர் தொடங்கியதும் ஒருநாள் காலையில், எஞ்சின் எடுக்கும் முன், அந்த சூட்கேஸ் தராசைத் திறந்த கதவின் கீழ் ஓரத்தில் கொளுவிக் கீழே இழுங்கள். கதவு அசையத் தொடங்கும் எண்ணை முட்டுக்கம்பிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். என்னுடையது இந்தத் தை மாதம் -16இல் இரண்டரைக் கிலோ. அடுத்த வருடம் அதே குளிரில் ஒன்றுக்குக் கீழே வந்தால் புது ஜோடி வாங்கும் நேரம். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். கழற்றிய பழையதை வீட்டுக் குப்பையிலோ நெருப்பிலோ போடாமல், உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று சொல்லியே பழைய இரும்பு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.